அக்காவின் கழுத்து

தீக்காயப் பிரிவில் கட்டு மாற்றுகிறவனுக்கு எந்த ஊரிலும் நல்ல பெயர் கிடையாது. மருந்து எழுதுகிற டாக்டரைக் கையெடுத்துக் கும்பிடுவார்கள். தண்ணீர் கொடுக்கிற நர்ஸைத் தாயே என்பார்கள். காயத்தில் ஒட்டிக்கொண்ட துணியை உப்புத் தண்ணீர் ஊற்றி ஊற்றி உரித்தெடுக்கிறவன் மட்டும் பாவி. இந்தப் பாவி உத்தியோகத்தை அவன் இருபத்தாறு வருடமாகப் பார்த்துவந்தான். ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் அவன் 'டிரஸ்ஸர்'. வார்டில் அவன் பெயர் தலகாணி.

பட்டப்பெயருக்குக் காரணம் உண்டு. காலையில் வார்டுக்குள் நுழைந்ததும் அவன் கண் முதலில் போவது தலையணைகளின் மேல்தான். கழுத்து வெந்து கிடக்கிறவரின் தலைக்கடியில் பெண்டாட்டியோ அம்மாவோ மனசு கேட்காமல் ஒரு தலையணையைச் செருகியிருப்பார்கள். அவன் ஒரு வார்த்தை பேசாமல் அதை உருவிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவான். ஒரு சுற்று முடிவதற்குள் நாலைந்து சேர்ந்துவிடும். ஒருமுறை ஒரு அம்மாள் தலையணையை விரிப்புக்கு அடியில் ஒளித்துவைத்து, ஒன்றும் தெரியாதவள் மாதிரி கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "என்னம்மா, உங்க வீட்டுக்காரருக்கு ராத்திரியோட ராத்திரியா மெத்தை வீங்கிடுச்சா?" என்று கேட்டான் அவன். வார்டே சிரித்தது. அந்த அம்மாள் அழுதாள். அதற்கும் அவன் அசையவில்லை.

அவனுக்குத் தெரிந்த விஷயம் அது. வெந்த தோல் சும்மா ஆறாது, சுருங்கிக்கொண்டே ஆறும். எப்படி வைத்தால் வலி குறைகிறதோ அப்படித்தான் மனிதன் கையை மடக்குவான், கழுத்தைத் தாழ்த்துவான். புதுத் தோலும் அதே நிலையில் வளர்ந்து, தடித்து, கயிறு மாதிரி இழுத்துப் பிடித்துக்கொள்ளும். விரல் உள்ளங்கையோடு ஒட்டிப்போனவர்களையும், கை விலாவோடு சேர்ந்துபோனவர்களையும் அவன் கணக்கில்லாமல் பார்த்திருந்தான். அதனால் கழுத்து வெந்தவருக்குத் தலையணை கிடையாது. தோளுக்கடியில் சுருட்டிய துண்டு, தலை பின்பக்கமாகத் தொங்க வேண்டும், கழுத்து விறைப்பாக நீண்டு நிற்க வேண்டும். "இப்ப சுகமா வச்சீங்கன்னா ஆயுசுக்கும் அப்படியேதான் நிக்கும்" என்று கட்டிலுக்குக் கட்டில் சொல்லுவான். சொல்லிச் சொல்லி அவன் குரலே தேய்ந்துபோன பஸ் கண்டக்டர் குரலாகிவிட்டது.

அவனுக்கு வீடு என்று இருந்தது ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில் இரண்டாவது மாடியில் இரண்டு அறைகள், உறவு என்று இருந்தது அக்கா. அம்மா சாகும்போது அவனுக்கு ஆறு வயது, அக்காவுக்குப் பதினாலு. அப்பா வந்தால் வந்தார், வராவிட்டால் இல்லை. அக்கா அந்த வயதிலேயே துணி துவைக்கப் போனாள். இடையில் ஒரு கல்யாணம் நடந்தது. பதினோரு மாதம் இருந்துவிட்டு வேலை தேடிப் போகிறேன் என்று கிளம்பிய மனுஷன் போனவன் போனவன்தான். "தேடிக்கிட்டே இருக்கான் போல, பாவம்" என்பாள் அக்கா, யாராவது விசாரித்தால். பிறகு தம்பிக்குப் பெண் பார்க்கப் போனாள். போன இடமெல்லாம் அவளே பேசி, அவளே கேள்வி கேட்டு, பெண் வீட்டாருக்கு வயிற்றைக் கலக்கும்படி செய்துவிட்டு வந்தாள். அவனுக்குக் கல்யாணமே ஆகவில்லை. அதை ஒரு குறையாக அவன் நினைத்ததும் இல்லை. ஐம்பத்திரண்டு வயதிலும் அவன் சட்டையில் பொத்தான் சரியாக இருக்கிறதா என்று வாசலில் நிறுத்திப் பார்க்க ஒரு ஆள் இருந்தாள்.

அக்கா அதே ஆஸ்பத்திரியின் சலவைக் கூடத்தில்தான் முப்பது வருடமாக இருந்தாள். கீழ்த்தளத்தில் நீராவியில் ஓடுகிற பெரிய உருளை இயந்திரம். ஈர விரிப்பை ஒரு பக்கம் கொடுத்தால் மறுபக்கம் அப்பளமாக வந்து விழும். ஓய்வு பெற எட்டு மாதம் இருக்கையில் ஒரு திங்கட்கிழமை, உருளையில் சிக்கிய விரிப்பை இழுப்பதற்காக அவள் குனிந்தாள். பக்கத்தில் ஓடிய நீராவிக் குழாயின் இணைப்பு விட்டுப்போய் முழு வேகத்தில் அவள் தாடைக்கடியில் அடித்தது.

வார்டில் அவன் ஒரு ஆளின் முழங்கையில் கட்டு அவிழ்த்துக்கொண்டிருந்தான். தள்ளுவண்டி வந்தது. முகம் பூசணிக்காயாக வீங்கியிருந்ததால் ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியவில்லை. வண்டி தள்ளியவர்கள் பதற்றத்தில் ஒரு விரிப்பைச் சுருட்டித் தலைக்கடியில் வைத்திருந்தார்கள். அவன் கை தன்பாட்டுக்குப் போய் அதை உருவியது.

"அதையும் புடுங்கிட்டியாடா?" என்றது வண்டியில் இருந்த உருவம். கரகரத்த குரல். நீராவி தொண்டைக்குள்ளும் போயிருந்தது.

குரலை வைத்துத்தான் அது அக்கா என்று அவனுக்குத் தெரிந்தது. இருபத்தாறு வருடத்தில் முதல்முறையாக ஒரு நர்ஸ் அவனைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தாள்.

சொந்தக்காரர்களுக்குக் கட்டு மாற்றக் கூடாது என்பது வார்டின் எழுதாத சட்டம். பெரிய டாக்டரும் சொல்லிப் பார்த்தார். அக்கா கேட்கவில்லை. "என் தம்பி இருக்கும்போது வேற எவன் என்னைத் தொடறது?" என்றாள். ஆகவே அவனே செய்தான். வெந்து வெளுத்த தோலை நீக்கினார்கள். வலது தொடையிலிருந்து மெல்லிய ஏடாகத் தோல் எடுத்து, வலையாகத் துளையிட்டு விரித்து, தாடையிலிருந்து நெஞ்சுவரை பதித்தார்கள். ஐந்து நாள் கட்டைப் பிரிக்கவே கூடாது. ஆறாவது நாள் அவனே பிரித்தான். வலைக் கண்ணெல்லாம் இளஞ்சிவப்பாக மூடியிருந்தது. இடது தாடைக்கடியில் கட்டைவிரல் அகலம் மட்டும் ஒட்டவில்லை.

"புடிச்சிருச்சுக்கா" என்றான். சொல்லும்போதே அவனுக்கு அழுகை வந்துவிட்டது.

"என்னைக் கட்டிக்க ஆள் புடிச்ச மாதிரி சந்தோஷப்படற" என்றாள் அக்கா.

வார்டில் இருந்த நாற்பது நாளும் அவள் ஒரு முனகல்கூட வெளியே விடவில்லை. தோளுக்கடியில் துண்டு, தலை பின்னால் தொங்கல், கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் கூரை. பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். தம்பி வேலை பார்க்கும் வார்டில் தான் அழுதால் அவனுக்குத்தானே அசிங்கம் என்ற ரோஷம். அவன் மற்ற நோயாளிகளிடம் அவளைக் காட்டிக் காட்டிப் பேசினான். "அங்க பாருங்க, அறுபது வயசு. தலகாணி கேட்டாங்களா?" என்பான். அப்போது அவன் முகத்தில் இருந்த பெருமையைப் பார்க்க வேண்டும்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில், வார்டில் எல்லோரும் எக்ஸர்சைஸ் மேடம் என்று கூப்பிடுகிற பிசியோதெரபிஸ்ட் வந்தாள். பிளாஸ்டிக் தகடு ஒன்றை வெந்நீரில் போட்டு இளக்கி, அக்காவின் நீட்டிய கழுத்தில் வைத்து அழுத்தி, அச்செடுத்த மாதிரி ஒரு கழுத்துப்பட்டை செய்தாள். தாடையை மேலே தூக்கிப் பிடித்து நெஞ்சுவரை இறங்கும் பட்டை. தாடை நுனியிலிருந்து நெஞ்சுக்குழிவரை டேப் வைத்து அளந்து அட்டையில் குறித்தாள். பதினாலு சென்டிமீட்டர்.

"குளிக்க, சாப்பிட, எண்ணெய் தடவ. இதுக்கு மட்டும்தான் கழட்டணும். முதல் ஆறு மாசம் தோல் மும்முரமா இழுக்கும். ஒரு நாள் விட்டாலும் அது விடாது. முழுசா அடங்க ஒரு வருஷத்துக்கு மேல ஆகும்." சொல்லிவிட்டு அவனைப் பார்த்துச் சிரித்தாள். "இதெல்லாம் போய் நான் உங்ககிட்ட சொல்றேன் பாருங்க."

வீட்டில் முதல் மூன்று வாரம் ஒழுங்காக நடந்தது. அதற்குப் பிறகு அரிப்பு ஆரம்பித்தது. ஆறுகிற தோலின் அரிப்பைப் பற்றி வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. வலியையாவது பல்லைக் கடித்துத் தாங்கலாம். இதற்குக் கடிக்கப் பல்லே போதாது. பதித்த தோலில் வியர்வையும் வராது, சூடு உள்ளேயே நிற்கும். மேலே பிளாஸ்டிக். அக்கா பட்டையின் ஓரத்தில் சீப்புக் காம்பை விட்டுச் சொறியப் பார்த்தாள். அவன் பிடுங்கிப் போட்டான். ஈரத் துணி வைத்தான், மாத்திரை கொடுத்தான், எண்ணெய் தடவினான். தூக்கம் என்பது அவளுக்கு மறந்தேபோயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கரண்ட் போய்விட்டது. ஜன்னலில் காற்றே இல்லை. அக்கா மூன்று நாளாகத் தூங்கவில்லை.

"டேய், இதைக் கழட்டுடா. ஒரே ஒரு மணி நேரம்."

"முடியாதுக்கா. இப்ப சுகமா வச்சா அப்புறம்..."

"வார்டுல பேசற வசனத்தை என்கிட்ட பேசாத. நான் உன் பேஷண்ட் இல்ல."

"நீ யாரா இருந்தாலும் தோல் அதே தோல்தான்க்கா."

அக்காவின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. அம்மா செத்தபோது அவள் அழுது அவன் பார்த்ததில்லை, அவனைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். புருஷன் போனபோதும் அழவில்லை. இத்தனை வருடத்தில் அவள் அவனிடம் ஒன்று வேண்டும் என்று கேட்டதே இல்லை. இப்போது சின்னப் பிள்ளை மாதிரி வாயைக் கோணிக்கொண்டு, "வேணும்டா, முடியலடா" என்று அழுதாள்.

ஒரு நாளில் குடி முழுகிவிடாது என்று அவன் நினைத்தான். பட்டையின் கொக்கிகளை ஒவ்வொன்றாக எடுத்தான். அக்கா மூச்சை இழுத்துவிட்டுத் தலையைக் குனிந்தாள். "அந்தத் தலகாணியையும் குடு" என்றாள். கொடுத்தான். இரண்டு நிமிடத்தில் தூங்கிவிட்டாள். அவன் பக்கத்தில் உட்கார்ந்து பழைய எக்ஸ்ரே பிலிம் ஒன்றால் விசிறிக்கொண்டிருந்தான். நாலு மணி நேரம். எழுப்ப மனசு வரவில்லை. உண்மையைச் சொன்னால், அந்த நாலு மணி நேரமும் அவன் சந்தோஷமாக இருந்தான்.

ஒரு நாள் பல நாளாயிற்று. டூட்டி முடிந்து மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்ததும் பட்டையைக் கழற்றுவது வழக்கமாயிற்று. பிறகு படுக்கிற நேரத்துக்கும் கழற்றினான். கடைசியில் மாட்டுவதே நின்றுபோயிற்று. கூடுதலாக அரை மணி எண்ணெய் தடவினால் ஈடாகிவிடும் என்று கணக்குப் போட்டான். தனக்குத் தானே காது குத்திக்கொள்கிறவனை யார் தடுக்க முடியும்? எக்ஸர்சைஸ் மேடம் வரச் சொன்ன நாட்களில் அக்காவுக்குக் காய்ச்சல் என்றான், வயிற்றுப்போக்கு என்றான். "கூட்டிட்டு வாங்கண்ணா, நீங்களே இப்படிச் செஞ்சா எப்படி?" என்று அவள் குறைபட்டாள். வார்டில் அவன் முன்னைவிடக் கடுமையாகிவிட்டான். தலையணை வைத்த ஒரு கிழவரின் மகளை எல்லோர் முன்னாலும் திட்டித் தீர்த்தான். அன்றைக்கு மத்தியானமும் வீட்டுக்குப் போய் அக்காவின் தலைக்கடியில் தலையணையைத் தட்டிச் சரிசெய்து வைத்தான்.

டேப் ஒன்று வாங்கிவந்து தானே அளந்தான். பன்னிரண்டு. அடுத்த வாரம் பதினொன்று. தோல் சிவந்து, தடித்து, கழுத்தின் இரண்டு பக்கமும் நரம்பாகப் புடைத்து நின்றது. ஒரு நாள் ஒன்பதுக்கு வந்துவிட்டது. அன்றே பட்டையை மாட்டிப் பார்த்தான். அது பதினாலு சென்டிமீட்டர் கழுத்துக்குச் செய்தது, ஒன்பது சென்டிமீட்டர் கழுத்தில் உட்காருமா? தாடையில் குத்திப் புண்ணாக்கியது. அக்கா அலறினாள்.

அப்போதாவது அவன் மேடத்திடம் ஓடியிருக்க வேண்டும். புதுப் பட்டை செய்து, கொஞ்சம் கொஞ்சமாக நீட்டிக் கழுத்தை மீட்க அப்போதும் வழி இருந்தது. ஆனால் என்ன முகத்தோடு போவான்? வார்டின் தலகாணி, வீட்டில் தலையணை வைத்துக் கழுத்தைக் கெடுத்தேன் என்று போய்ச் சொல்வானா? அவன் கத்தியை அடுப்பில் காட்டிப் பழுக்கவைத்து, பட்டையின் மேல் விளிம்பை அறுத்தெடுத்தான். ஐந்து சென்டிமீட்டர். இப்போது குத்தவில்லை. எதையும் தூக்கிப் பிடிக்கவும் இல்லை. அதை மாட்டிவிட்டுப் பட்டை போட்டாயிற்று என்று தேற்றிக்கொண்டான்.

அவனை எனக்குத் திட்டத் தோன்றுகிறது. திட்ட வாய் வரமாட்டேன் என்கிறது.

ஐந்தாம் மாதம் அக்காவின் தாடை நெஞ்சோடு சேர்ந்துவிட்டது. கீழுதடு வெளியே பிதுங்கி ஈறு தெரிந்தது. வாய் மூடாது. எச்சில் ஒழுகிக்கொண்டே இருந்ததால் கையில் எப்போதும் ஒரு துணி. எதிரே வருகிறவரின் முகம் அவளுக்குத் தெரியாது. செருப்பையும் நடையையும் வைத்துத்தான் யார் என்று சொன்னாள். பேச்சும் குழறியது. வம்பு பேசி மாடியையே கலகலப்பாக வைத்திருந்தவள், மாடிப்படியில் யாராவது வந்தால் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கடைசியில் எக்ஸர்சைஸ் மேடமே வீட்டுக்கு ஆள் அனுப்பி வரச் சொன்னாள்.

பெரிய டாக்டரின் அறையில் ஏழெட்டு மாணவர்களும் நின்றார்கள். மேடம் பட்டையைக் கையில் எடுத்தாள். திருப்பிப் பார்த்தாள்.

"இதை யாரு அறுத்தது?"

அவன் வாயைத் திறப்பதற்குள் அக்கா, "நான்தான் மேடம்" என்றாள். "குத்துச்சு. கத்திரிக்கோலால வெட்டினேன்."

மேடம் உருகி வழிந்து இறுகியிருந்த அந்த விளிம்பை விரலால் தடவினாள். அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் பார்வையைத் திருப்பிக்கொண்டான். அவள் அந்த விளிம்பு தெரியாதபடி பட்டையை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

பெரிய டாக்டருக்குக் கோபம் தலைக்கேறியது. "பாருங்க" என்று மாணவர்களிடம் திரும்பினார். "எவ்வளவு நல்லாப் பிடிச்ச தோல். கூடவே இப்படி ஒரு தம்பி, இந்த வார்டுலயே இவரை மிஞ்சின ஆள் கிடையாது. அப்படியும் சொன்ன பேச்சைக் கேக்காம தன் கழுத்தைத் தானே நாசம் பண்ணிக்கிட்டாங்க. இப்படி ஆளுங்களை வச்சிக்கிட்டு நாம என்ன பண்றது?" மாணவர்கள் குறிப்பு எழுதினார்கள். அக்கா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள், வேறெங்கும் பார்க்க அவளால் முடியாது. அந்த இரண்டு நிமிடம் அவன் ஏன் பேசவில்லை என்று பிறகு எத்தனையோ முறை தன்னையே கேட்டுக்கொண்டான்.

கோபம் தணிந்தபின் டாக்டர் விஷயத்துக்கு வந்தார். இழுத்துப் பிடிக்கிற தோலை அறுத்துக் கழுத்தை விடுவிக்கலாம். இடது தொடையிலிருந்து புதுத் தோல் எடுத்துப் பதிக்கலாம். இப்படிக் குனிந்து நிற்கும் கழுத்தில் மயக்கத்தில் மூச்சுக்காகப் போடுகிற குழாய் இறங்காது, தொண்டையும் ஏற்கெனவே வெந்தது. அதனால் ஊசி போட்டு மரத்துப்போக வைத்து, விழித்திருக்கும்போதே முதலில் கழுத்தை அறுக்க வேண்டும். ஆபத்து உண்டு, ஆனாலும் செய்யலாம். செய்தபின் மறுபடி நாற்பது நாள் துண்டு, மறுபடி ஒரு வருடம் பட்டை. இந்த முறையும் விட்டால் இதைவிட மோசமாகப் போகும். அத்தனை நாள் கட்டில் கொடுக்க வார்டில் இப்போது இடமில்லை, வீட்டில்தான் பார்க்க வேண்டும். "யோசிச்சு இன்னைக்கே எழுதிக் குடுங்க" என்று படிவத்தைக் கொடுத்தார்.

வெளியே நடைபாதை பெஞ்சில் அக்காவை உட்காரவைத்தான்.

"கீழ உக்காருடா. மூஞ்சி தெரியல."

அவன் தரையில் குந்தி உட்கார்ந்தான். போகிற வருகிற ஆஸ்பத்திரி ஆட்களெல்லாம் பார்த்தார்கள். அவளுடைய கண்ணுக்கு நேரே முகத்தை அண்ணாந்து வைத்துக்கொண்டான்.

"நான் உள்ள போய் உண்மையைச் சொல்லிடறேன்க்கா."

"சொல்லி? தோல் வளந்துடுமா? இருக்கற வேலையும் போகும்." துணியால் வாயைத் துடைத்துக்கொண்டாள். "வேணாம்னு எழுதிடு."

"எதை?"

"ஆபரேஷனை."

"பயமா இருக்காக்கா? நான் பக்கத்துலயே நிப்பேன். விடவே மாட்டேன்..."

"பயமெல்லாம் இல்ல. அறுத்தா அறுக்கட்டும்." குழறிய வார்த்தைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பேசினாள். "அப்புறம் நம்ம வீட்டுக்குத்தானடா வரணும். நான் அழுவேன். நீ கழட்டுவ."

"மாட்டேன்க்கா. சத்தியமா மாட்டேன். இந்தத் தடவை நீ என்ன அழுதாலும்..."

"வேற ஆளாவது வைக்கலாம்னு பாத்தா, வேற ஆள் கைல நான் படுக்க மாட்டேன். அது என் கொழுப்பு. உன்மேல தப்பு சொல்லல."

"இந்தத் தடவை கல்லா இருப்பேன்க்கா. ஊருக்கே கல்லா இருக்கேன், எனக்குத் தெரியாதா?"

அக்காவின் பிதுங்கிய உதடு நடுங்கியது. சிரிக்கப் பார்க்கிறாளா என்று தெரியவில்லை.

"நேத்து மத்தியானம் நான் கேக்கவே இல்லடா" என்றாள். "நீயேதான் வச்ச."

அவனுக்கு நினைவு வந்தது. வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றினான், கை கழுவினான், தலையணையை எடுத்து இரண்டு தட்டுத் தட்டி அவள் தலைக்கடியில் வைத்தான். அவள் விழித்திருந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. இன்னொரு சத்தியம் செய்யாமல் பேனாவை எடுத்தான்.

படிவத்தைத் தரையில் விரித்துவைத்து, சம்மதமில்லை என்று எழுதினான். அட்டையில் வைத்து அவள் மடியில் கொடுத்தான். அவளுக்குப் பார்க்க முடிகிற இடம் அதுதான். அக்கா பேனாவை வாங்கி, எழுத்துக் கூட்டி, நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள்.